ஒரே காலில் தகிட: ஆறாவது வாரம்

லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவின் முதல் சிங்கிள் (தனிப்பாட்டாக வந்த இசைத்தட்டு) 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்', 1969 மார்ச்சில் அமெரிக்காவில் வந்தது. மூன்று நிமிடம்கூட ஓடாது. அதில் டிரம்மர் ஜான் பான்ஹாம் பேஸ் டிரம்மில், அதாவது காலால் பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மில், போடும் அடிக்காக, ஆறு வாரமாக பெங்களூரு அல்சூர் வீட்டு மாடியில் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முதன்முதலில் கேட்டபோது இரட்டைப் பெடல் என்றே நினைத்தேன். இல்லை, ஒரே கால், ஒரே பெடல். பாடம் எடுத்த வீடியோக்காரர்கள் எல்லாரும் டிரிப்லெட், டிரிப்லெட் (சம இடைவெளியில் மூன்று அடி) என்றார்கள், மண்டையில் ஏறவில்லை. வாயால் 'தகிட' என்று சொல்லிப் பார்த்ததும் சட்டென்று பிடிபட்டது. 'த' கைக்கு, 'கிட' இரண்டும் வலது காலுக்கு. பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 94 தட்டு. ஒரு தட்டுக்குள் இரண்டு தகிட அடங்க வேண்டும். கணக்குப் போட்டால் 'கி'க்கும் 'ட'வுக்கும் நடுவே நொடியில் பத்தில் ஒரு பங்குதான் கிடைக்கிறது.

தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து ஆரம்பித்தேன். குதிகாலைப் பெடலில் ஊன்றியே மிதித்ததில் மூன்று வாரம் வீண். கெண்டைக்கால் எரிந்ததுதான் மிச்சம். அப்புறம் குதிகாலைத் தூக்கி, முன்பாதத்தால் ஓர் அடி, அப்படியே முன்னால் வழுக்கி இன்னோர் அடி என்று மாற்றினேன். வெறுங்காலில் வியர்வை ஒட்டிக்கொண்டு பாதம் வழுக்கவே இல்லை. பழைய காட்டன் சாக்ஸ் போட்ட அன்றே 70 தாண்டியது.

நடுவில் கீழ்வீட்டு ஓனரம்மா படியேறி வந்துவிட்டார். "ஏம்ப்பா, ராத்திரி எட்டு மணிக்கு மேல மாவு இடிக்கிறியா?" டிரம்முக்குப் பதில் தலையணையைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் மிதி தரை வழியாக இறங்கியிருக்கிறது. இரண்டு ப்ளைவுட் பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைப் பொருத்தி, அதன்மேல் பெடலை வைத்தேன். சத்தம் முழுசாக நிற்கவில்லை, ஆனால் ஓனரம்மா அதற்கப்புறம் மேலே வரவில்லை.

போன ஞாயிறு இந்திராநகரில் வாசித்துப் பழக வாடகைக்கு விடும் ஒரு ஜாம் ரூமை ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, நிஜ டிரம்மில் வாசித்தேன். 82 வரை சுத்தமாக வந்தது. குஷியாக வீட்டுக்கு வந்து போனில் பதிந்ததைப் போட்டுக் கேட்டால், வலது கால் 'கிட' போடும்போதெல்லாம் இடது காலால் மிதித்து ஒலிக்கும் ஜோடித் தட்டான ஹை-ஹேட் காணாமல் போயிருக்கிறது. வாசிக்கும்போது அது எனக்குத் தெரியவே இல்லை. சரி, மறுபடி 60.