பிறந்த இடம் தெரியாத கட்டி

புற்றுநோய் என்பது உறுதி, ஆனால் எந்த உறுப்பில் தொடங்கியது என்பது ஸ்கேனிலும் எண்டோஸ்கோப்பியிலும் பிடிபடவில்லை என்ற குறிப்போடு சில மாதிரிகள் எங்கள் நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு வரும். புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேர் வரை இந்த நிலையில் இருக்கிறார்கள். தொடங்கிய உறுப்பைப் பார்த்தே பெரும்பாலும் மருந்து தீர்மானிக்கப்படுவதால், விடை தெரியாத ஒவ்வொரு வாரமும் அவர்களுக்கு இழப்புதான்.

கல்லீரலில் கட்டிகளோடு வந்த ஒருவரின் ஊசி பயாப்சியை, அதாவது ஊசியால் எடுத்த மெல்லிய திசு இழையை, சொல்ல வேண்டும். அணுக்களில் உள்ள குறிப்பிட்ட புரதங்களை நிறமேற்றிக் காட்டும் ஐஎச்சி சாயங்களில் சிகே7 என்ற புரதம் தெரிந்தது. சிகே20, சிடிஎக்ஸ்2, டிடிஎஃப்-1 என்ற மற்ற மூன்று புரதங்களும் தெரியவில்லை. பெருங்குடலுக்கான வாய்ப்பு குறைந்தது. கணையம், பித்தநாளம், இரைப்பை, ஏன், நுரையீரல்கூட மிச்சமிருந்தன. இன்னும் சில சாயங்கள் போட்டுப் பார்க்கலாமே என்று கை பரபரக்கும் கட்டம் இது. ஆனால் ஒவ்வொரு சாயத்துக்கும் சில மைக்ரான் தடிமனில் ஒரு சீவல் செலவாகும்; ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத அந்த இழையைச் சீவிக்கொண்டே போனால் மரபணுச் சோதனைக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே அதோடு நிறுத்தி, ஸ்லைடில் புற்றணுக்கள் செறிந்த பகுதியைப் பேனாவால் வட்டமிட்டு, அந்த இடத்தை மட்டும் சுரண்டி டிஎன்ஏ, ஆர்என்ஏ பிரித்தெடுக்க அனுப்பினோம்.

எஃப்ஜிஎஃப்ஆர்2 மரபணு இன்னொரு மரபணுவோடு இணைந்திருந்தது. கல்லீரலுக்குள்ளேயே உருவாகும் பித்தநாளப் புற்றுநோயில்தான் இந்த இணைவு முக்கியமாகக் காணப்படுகிறது. ஸ்கேனையும் மறுபடி சேர்த்துப் பார்த்தபோது, வேறெங்கிருந்தோ பரவியதாக எண்ணித் தேடிய கட்டி கல்லீரலிலேயே பிறந்தது என்ற முடிவுக்கு வந்தோம். முதற்கட்ட சிகிச்சைக்குப் பின் கொடுக்க, இந்த இணைவைக் குறிவைக்கும் பெமிகாடினிப் 2020 முதல் அமெரிக்காவில் அனுமதிபெற்ற மருந்தாக இருக்கிறது.

எல்லாச் சோதனைகளும் இப்படிக் கைகொடுப்பதில்லை. மரபணுக்களின் வெளிப்பாட்டுப் பாங்கைக் கொண்டு உறுப்பை ஊகித்துச் சிகிச்சை தந்த ஜப்பானிய ஆய்வில் (2019), வழக்கமான கீமோவைவிட ஆயுள் கூடவில்லை. 90 மரபணுக்களைப் பார்த்த சீன ஆய்விலோ (2024) நோய் முற்றாமல் இருந்த காலம் 6.6 மாதத்திலிருந்து 9.6 மாதமாக உயர்ந்தது. விடைக்கேற்ற நல்ல மருந்து இருக்கும் புற்றுநோய்களில்தான் இந்தச் சோதனை பயன் தரும் என்று நான் கருதுகிறேன். அதனால் என் அறிக்கையில் உறுப்பின் பெயரோடு, அதற்கு ஒத்துவராத சான்றுகளையும் எழுதுகிறேன்.

பயாப்சி எடுக்கும் மருத்துவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: நோயாளிக்கு ஆபத்தில்லையென்றால், ஊசியை எடுப்பதற்கு முன் இன்னும் ஓர் இழை எடுத்துக் கொடுங்கள்.