பெரிசா ஒண்ணும் இல்லைங்க

நாளிதழ் ஒன்றில் இரங்கல் குறிப்பு எழுதுவது என் வேலை. இறந்தவர் அதிகாரியாகவோ ஆசிரியராகவோ இருந்தால் சிரமமே இல்லை. பணியில் சேர்ந்த ஆண்டு, பதவி உயர்வு, ஓய்வு என்று வீட்டாரே வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். பாட்டி என்றால்தான் திண்டாட்டம். "பெரிசா சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லைங்க, வீட்டோடதான் இருந்தாங்க. பேரப்பிள்ளைங்கன்னா உயிர்" என்பார் மகன். எண்பது வயது வாழ்க்கை அத்தோடு சரி.

இது எங்கள் தொழிலுக்கே உள்ள பழைய கோளாறு. 1851 முதல் தான் வெளியிட்ட இரங்கல் குறிப்புகளில் பெரும்பாலானவை வெள்ளையின ஆண்களைப் பற்றியவை என்று நியூயார்க் டைம்ஸே 2018 மார்ச்சில் ஒப்புக்கொண்டு, விட்டுப்போன பெண்களுக்காகத் தனித் தொடர் தொடங்கியது. நல்ல காரியம்தான். ஆனால் அதிலும் முதலில் வந்தவர்கள் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ், கணித அறிஞர் ஏடா லவ்லேஸ் போன்று ஏதோ ஒரு துறையில் பெயர் பதித்தவர்கள். ஒரு குடும்பத்தைக் கட்டி மேய்த்த பாட்டிக்கு அங்கேயும் இடம் கிடைப்பது கஷ்டம்.

அதனால் நான் "என்ன செஞ்சாங்க?" என்று கேட்பதில்லை. "அவங்க போனப்புறம் வீட்டுல எது நின்னுபோச்சு?" என்று கேட்கிறேன். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பிப்பார்கள். "எந்தச் சாவி எந்தப் பூட்டுக்குன்னு யாருக்கும் தெரியலை." "பெரியப்பாவும் அப்பாவும் இப்போ பேசிக்கிறதே இல்லை, பாட்டிதான் நடுவுல நின்னு ஒட்ட வெச்சிருந்தாங்க."

ஒரு பேரன் பழைய நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். முன்பக்கத்திலிருந்து வீட்டு வரவுசெலவு. தலைகீழாகத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து ஆளுக்கொரு பக்கம். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்ட தேதி, எந்த மருந்து யாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, செருப்பு அளவு. செருப்பு அளவு மட்டும் பென்சிலில். அழித்து அழித்து எழுதியதில் அந்த இடத்தில் தாள் நைந்து போயிருந்தது. தாத்தாவின் பக்கத்தில் சர்க்கரை அளவு, வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று. ஓரத்தில் சின்ன எழுத்தில், "மாத்திரை முழுங்கினதா பொய் சொல்றார்."

இதையே சம்பளத்துக்கு ஒரு செவிலியர் செய்தால் நாட்டின் மொத்த உற்பத்தியில் சேரும். வீட்டு வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்தாலும் சேரும். பாட்டி செய்தால் சேராது, தேசியக் கணக்குக்கான ஐ.நா. விதிமுறை அப்படி. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் 64 நாடுகளின் தரவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டது. சம்பளமில்லாத பராமரிப்பு வேலை ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம். அதாவது 200 கோடிப் பேர் தினமும் எட்டு மணி நேரம் சும்மா உழைப்பதற்குச் சமம். அந்த அறிக்கைப்படி இதில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பெண்கள் தலையில். அப்படியும் "வீட்டோடதான் இருந்தாங்க".

இன்னொரு தொல்லை, "தியாகத்தின் திருவுருவம்". எழுதிக் கொடுப்பவர்களில் பாதிப் பேர் இதைச் சேர்க்காமல் விடுவதில்லை. நான் முதலில் அடிப்பது அதைத்தான். அது யார் வீட்டுப் பாட்டிக்கும் பொருந்தும், அதனாலேயே எதற்கும் உதவாது. அதுவும் போக, அவருக்கென்று ஒரு பிடிவாதம், ஒரு ஆசை இருந்திருக்கும் என்பதையே மூடிவிடுகிறது.

அப்படித்தான் ஒரு மருமகளிடம், மாமியாருக்கு எதில் கோபம் வரும் என்று கேட்டேன். "மத்தியானம் ரேடியோ கேட்கும்போது கூப்பிட்டா அவ்வளவுதான். வீடே பத்தி எரிஞ்சாலும் பாட்டு முடிஞ்சாத்தான் எந்திரிப்பாங்க" என்றார். அதைப் போடலாமா என்றதும் மகன் பதறிவிட்டார். "வேண்டாங்க, சொந்தக்காரங்க தப்பா எடுத்துக்குவாங்க." என் மேஜைக்கு முன்னாலேயே இரண்டு பேருக்கும் வாக்குவாதம். "முப்பது வருஷமா பார்த்தது நானா நீங்களா?" என்று அந்த அம்மா ஒரே போடாகப் போட்டார். கடைசியில் மகன் இறங்கி வந்தார். ஒரே ஒரு திருத்தம் மட்டும் கேட்டார், அந்த ரேடியோவை வாங்கிக் கொடுத்தது தான்தான் என்று அதையும் சேர்க்க வேண்டுமாம்.