இரண்டாம் குளம்

16 அக்டோபர், திங்கள்

இரண்டாம் குளத்தில் குமிழி இல்லை.

வரப்பில் நின்று ரொம்ப நேரம் பார்த்தேன். செம்பனை எண்ணெய் ஆலைக் கழிவுநீர் விழுகிற குளம், எப்போதும் சோறு கொதிக்கிற மாதிரி சளசளவென்று இருக்கும். இன்று மேலே பழுப்பாக ஆடை கட்டி அப்படியே கிடக்கிறது. பிஎச் 6.3, 7-க்குக் கீழே இறங்கினால் புளிப்பு. மீட்டர் மேல் சந்தேகப்பட்டு 7, 4 பிஎச் திரவங்களில் சரிபார்த்துவிட்டு மறுபடி வைத்தேன். 6.3 தான்.

17 அக்டோபர், செவ்வாய்

அப்பாவின் கால் விரல் கறுத்துவிட்டது. வார்டில் சேர்த்தாச்சு.

18 அக்டோபர், புதன்

6.1. வாடையும் மாறிவிட்டது. நல்ல குளத்தில் சேறும் தாரும் கலந்த மாதிரி ஒரு வாடை வரும், அது பழகிப்போனது. இது சிக்குப் பிடித்த வெண்ணெய் வாடை, தொண்டையில் நிற்கிறது.

உதவி எஞ்சினியரிடம் போய் உட்கார்ந்து சொன்னேன். பழம் உச்சத்தில் வருகிறது, ராத்திரியும் ஆலை ஓடுகிறது. ஒரு டன் குலைக்கு அரை டன்னுக்கு மேலே கழிவுநீர். 80 டிகிரியில் வருவது ஆறுவதற்குள் அடுத்தது வந்து விழுகிறது. எண்ணெய்த் தொட்டியில் மிதந்ததை இரண்டு நாளாக யாரும் வழிக்கவில்லை, அதுவும் உள்ளே போய்விட்டது. குளத்தில் இரண்டு கிருமிக் கூட்டம் இருக்கிறது. ஒன்று புளிக்க வைக்கும், மற்றது அந்தப் புளிப்பைத் தின்று வாயுவாக விடும். முதல் கூட்டம் வேகம், இரண்டாவது மெதுவு. அளவுக்கு மேலே ஊட்டினால் புளிப்பு மிஞ்சி, அந்த மெதுவான கூட்டம்தான் செத்துப்போகும். ஆலையை இரண்டு நாள் நிறுத்த முடியுமா என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். கேட்டுக்கு வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் வரிசையாக நின்றன.

சரி, வால்வு என் கையில் இருக்கிறது. இரண்டாம் குளத்துக்குக் கழிவுநீர் வரத்தை அடைத்துவிட்டேன். ஒன்றுக்கும் மூன்றுக்கும் பிரித்துப் போகிறது. அவை எத்தனை நாள் தாங்கும்?

19 அக்டோபர், வியாழன்

புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு 20 மூட்டை. கண் எரிகிறது.

21 அக்டோபர், சனி

முதலில் இரண்டு விரலை எடுப்போம், அப்புறம் பார்ப்போம் என்கிறார் டாக்டர். அப்பா கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார். இனிப்பு நீர் வியாதி வந்து 18 வருஷம் ஆகிறது, இன்னும் கோப்பியில் சீனி கேட்கிறார். அம்மா அழுதுகொண்டே வெளியே போய்விட்டார்.

வேலை முடிந்து நேராகப் போயிருந்தேன். குனிந்து தலையணையைச் சரிசெய்தபோது அப்பா மூக்கைச் சுளித்தார்.

“குளம் புளிச்சிருச்சாடா?”

நான் ஒன்றும் சொல்லவே இல்லை. போயிலரில் 30 வருஷம் நின்ற மனுஷர், என் சட்டையிலிருந்தே கண்டுபிடித்துவிட்டார். “நாலாங் குளத்துச் சேத்தை எடுத்து ஊத்து. சுண்ணாம்ப மட்டும் நம்பாத” என்றார். அதற்கப்புறம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

23 அக்டோபர், திங்கள்

ஆயுத பூசை. பம்புக்கும் மீட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். நாலாம் குளத்துக் கறுப்புச் சேறு காலையிலிருந்து இரண்டாம் குளத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. அந்த மெதுவான கூட்டம் அதில் உயிரோடு இருக்கும். 6.0.

25 அக்டோபர், புதன்

இரண்டு விரலும் எடுத்தாச்சு. போர்வைக்குக் கீழே அந்தக் கால் குட்டையாகத் தெரிகிறது. நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

27 அக்டோபர், வெள்ளி

தூக்கம் வரவில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

கடைசிக் குளத்தின் வெளிவால்வை மூடி ஒன்பது நாள் ஆகிறது. அதைத் திறந்தால் ஓடை, ஓடையிலிருந்து சிலாங்கூர் ஆறு. பத்தாங் பெர்ஜுந்தையில், இப்போது பெஸ்தாரி ஜெயா என்கிறார்கள், அந்த ஆற்றில்தான் கோலாலம்பூருக்குக் குடிதண்ணீர் இறைக்கிறார்கள். அதற்கும் கீழே கம்போங் குவாந்தான். சின்னப் பிள்ளையில் அப்பா மோட்டாரில் முன்னால் உட்கார வைத்து மின்மினி காட்டக் கூட்டிப்போனார். பெரெம்பாங் மரம் பூராவும் சேர்ந்தாற்போல எரியும், சேர்ந்தாற்போல அணையும். சம்பான்காரர் துடுப்பைக்கூடச் சத்தமில்லாமல் போட்டார். அப்பா என் வாயைப் பொத்தியிருந்தார். அந்தக் கையில் போயிலர்க் கரி வாசம்.

செம்பனை ஆலைகளுக்கான 1977 விதிமுறையில் பிஓடி, அதாவது தண்ணீரில் இருக்கிற அழுக்கைத் தின்னக் கிருமிக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு, 100 வரைக்கும் விடலாம். எங்கள் உரிமத்தில் 20 என்று இருக்கிறது. 20 என்றால் 20தான். ராத்திரியில் கொஞ்சம் திறந்துவிடு, மழையில் யாருக்குத் தெரியும் என்று இன்று ஒருவர் சொன்னார். யார் என்று எழுதமாட்டேன். வால்வுச் சாவியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன், தலைமாட்டில் இருக்கிறது.

28 அக்டோபர், சனி

6.2.

30 அக்டோபர், திங்கள்

விடாத மழை. கடைசிக் குளம் வரப்புக்கு இரண்டு சாண் கீழே. நானும் பங்களாதேஷ் தம்பியும் தாழ்ந்த இடத்தில் மண்மூட்டை அடுக்கினோம். அவனுக்குக் காய்ச்சல், அப்படியும் போகமாட்டேன் என்றான். இந்தப் பையன் ஊரில் அவன் அம்மா என்ன நினைத்துக்கொண்டிருப்பார்.

புண் ஓரம் மறுபடி கறுக்கிறதாம்.

2 நவம்பர், வியாழன்

தெற்கு மூலையில், சேறு விழுகிற குழாய்க்குப் பக்கத்தில், கடுகு அளவில் ஒன்று வந்து உடைந்தது. மழைத்துளியாக இருக்கும் என்று நினைத்தேன். மழை இல்லை. காத்திருந்தேன். இன்னொன்று. அப்புறம் மூன்று சேர்ந்து. ஆடையில் காசு அளவுக்கு ஓட்டை விழுந்து, உள்ளே கறுப்புத் தண்ணீர் தெரிந்தது. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். பசியாறப் போகவில்லை.

6.4.

3 நவம்பர், வெள்ளி

பாதி பாதத்தை எடுக்கணுமாம். தீபாவளிக்கு முன்னாலா பின்னாலா என்று தெரியவில்லை. அம்மா முறுக்கு மாவு வாங்கி வைத்திருக்கிறார், சுடவில்லை.

6 நவம்பர், திங்கள்

6.7. ஆடை பாதிக்கு மேல் கிழிந்துவிட்டது. வரத்தைக் கொஞ்சமாகத் திறந்தேன், கால் சுற்று. மேனேஜர் முழுதாகத் திற என்றார். நாலு நாள் கொடுங்கள் என்றேன். எதிர்த்துப் பேசியதில் கை நடுங்கியது, ஆனால் திறக்கவில்லை.

8 நவம்பர், புதன்

கடைசிக் குளத்துத் தண்ணீரைப் போத்தலில் வாய் வரைக்கும் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து லேப்பில் கொடுத்தேன். பிஓடி பார்க்க 30 டிகிரியில் மூன்று நாள் வைக்கணும். நாளைக்குக் கொண்டுவந்தால் மூன்றாம் நாள் தீபாவளியில் விழும், நல்லவேளை இன்றைக்கே வந்தீர்கள் அண்ணே என்றது லேப் பிள்ளை. சனிக்கிழமை போன் பண்ணணும்.

9 நவம்பர், வியாழன்

குளிக்காமல், சட்டை மாற்றாமல் வார்டுக்குப் போனேன். நர்ஸ் முறைத்தார். அப்பா கண்ணை மூடியபடி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

“சேறு” என்றார்.

10 நவம்பர், வெள்ளி

ராத்திரி முழுக்க மழை. வரப்புக்கு ஒரு சாண், நாலு விரல்.