ரோலிங் மில் விபத்தை விபத்து என்று எழுத வைத்த அனுபவம்

மணலி, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் தகடு வளைக்கும் ரோலிங் மெஷினிலும் பிளாஸ்டிக் ஷீட் போடும் இரட்டை ரோல் மில்லிலும் வேலை செய்யும் ஆபரேட்டர்கள் ஏராளம். சம்பளத்தில் மாதந்தோறும் 0.75 விழுக்காடு இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கப்படுவதும், முதலாளி தன் பங்காக 3.25 விழுக்காடு கட்டுவதும் பெரும்பாலானோருக்குத் தெரியும். ஆனால், கை ரோலுக்குள் போன அன்று யார் எந்தத் தாளில் என்ன எழுதுகிறார்கள் என்பதை வைத்தே பின்னால் வரவேண்டிய பணம் முழுவதும் முடிவாகிறது. அதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் எனக்கு நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் தகடு ரோலிங்கில் இருந்துவிட்டு, பிறகு காண்டிராக்டர் மூலமாக ஒரு பிவிசி ஷீட் தொழிற்சாலையில் மில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். 150 டிகிரிக்கு மேல் சூடேறிய இரண்டு ரோல்கள் ஒன்றையொன்று நோக்கிச் சுழல, முன் ரோலில் படிந்து வரும் ஷீட்டைக் கத்தியால் கீறி, மடித்து, மறுபடியும் இடுக்கில் ஊட்டுவதுதான் எங்கள் வேலை. மில்லின் முன்னால் இடுப்பு உயரத்தில் ஒரு சேஃப்டி பார் இருக்கும். உடம்பு அதில் பட்டாலே மில் நிற்க வேண்டும். எங்கள் மில்லில் அந்த பாரின் சுவிட்சைச் செப்புக் கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள், ஏனென்றால் அது அடிக்கடி தட்டுப்பட்டு உற்பத்தி நின்றுபோகிறதாம். இரண்டு ஷிஃப்ட்காரர்களும் இதைப் பலமுறை சொல்லியும் கம்பி அவிழவில்லை. நிறுவனம் கொடுத்த தொளதொள கையுறையின் நுனி இளகிய ஷீட்டோடு ஒட்டி இழுத்தபோது நான் முழு உடம்பையும் பாரின் மேல் சாய்த்தேன், ரோல் நிற்கவில்லை. பக்கத்து மில்லில் இருந்த அண்ணன் ஓடி வந்து சிவப்புப் பொத்தானை அடித்து, ஸ்குரூ சக்கரத்தைத் திருப்பி இடைவெளியைத் திறந்த பிறகுதான் கை வெளியே வந்தது. வலது ஆள்காட்டி விரலின் மேல் கணு போய்விட்டது.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவே உண்டு. அங்கே எனக்குக் கிடைத்த சிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். என்னை அழைத்துவந்த சூப்பர்வைசர் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். அவசரப் பிரிவு மருத்துவர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவதற்காக எப்படி அடிபட்டது என்று கேட்டதும், நான் வாய் திறப்பதற்குள் சூப்பர்வைசர் முந்திக்கொண்டு, "வீட்டுல பைக் செயின் மாட்டும்போது விரல் சிக்கிடுச்சு சார்" என்றார். கூட வந்திருந்த அந்த அண்ணன் உடனே குறுக்கிட்டு, "இல்லைங்க சார், கம்பெனி மில்லுல சிக்குனது, நான்தான் மெஷினை நிறுத்தினேன்" என்றார். மருத்துவர் என்னிடமே திரும்பக் கேட்டு, நான் சொன்னதை அப்படியே எழுதினார். ஏஆர் காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்த ஒற்றைத் தாள்தான் என்னைக் காப்பாற்றியது. விபத்து நடந்தால் கூடவே ஒரு தொழிலாளியும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நிர்வாகத்து ஆளை மட்டும் நம்பி அனுப்பக் கூடாது.

அடுத்த கட்டம் தொழிற்சாலையில் வருகை பதியும் டைம் ஆபீஸ். வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் தொழிற்சாலையின் விபத்துப் புத்தகத்தில் பதிந்து, படிவம் 12இல் விபத்து அறிக்கையை இஎஸ்ஐக்கு அனுப்ப வேண்டியது முதலாளியின் கடமை. அங்கிருந்த குமாஸ்தா, "எதுக்குத் தம்பி இதெல்லாம்? மெடிக்கல் லீவுன்னு போட்டுக்க, ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பாத்துக்கும்" என்று இனிமையாகப் பேசினார். கேட்பதற்குப் பெருந்தன்மையாகத் தோன்றும் இந்தப் பேச்சுக்குள்தான் மோசம் இருக்கிறது. சாதாரண நோய் விடுப்பு என்றால் சராசரி ஊதியத்தில் 70 விழுக்காடுதான் கிடைக்கும், அதுவும் ஓராண்டில் 91 நாட்களுக்கு மேல் கிடையாது. வேலைக் காயம் என்றால் தற்காலிக இயலாமைத் தொகையாக 90 விழுக்காடு. குணமாகும் வரை வரும், வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. அதைவிட முக்கியமானது, விரல் போனதற்கான நிரந்தர உதவித்தொகை வேலைக் காயத்துக்கு மட்டுமே உண்டு. காயத்தால் 48 மணி நேரமோ அதற்கு மேலோ ஒருவர் வேலைக்கு வர முடியாமல் போனால் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தகவல் தர வேண்டும் என்பது சட்டம். ஆய்வாளர் வந்தால் அந்தச் செப்புக் கம்பி கண்ணில் படும். அவர்களின் அக்கறைக்குக் காரணம் அதுதான்.

மறுத்தவுடன் பேச்சு மாறியது. நான் காண்டிராக்டர் ஆள் என்று நிறுவனமும், மில் நிறுவனத்துடையது என்று காண்டிராக்டரும் சொல்லி, கட்டுப் போட்ட கையோடு என்னை அங்கும் இங்கும் அலைக்கழித்தார்கள். அன்றிருந்த இஎஸ்ஐ சட்டப்படி, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் முதன்மை முதலாளியே, அதாவது வேலை வாங்கும் நிறுவனமே பொறுப்பு. வேலை போய்விடும் என்றும் ஜாடையாகச் சொன்னார்கள்; தற்காலிக இயலாமைத் தொகை பெறும் காலத்தில் ஒரு தொழிலாளியை நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்பதும் அதே சட்டத்தில் இருந்தது. வாயால் வாதாடிப் பயனில்லை என்று தெரிந்ததும், விபத்து நடந்த நாள், நேரம், மில் எண், கண்ணால் பார்த்தவர் பெயர் எல்லாவற்றையும் இடக்கையால் கோணல்மாணலாக எழுதி, ஏஆர் காப்பியின் நகலை இணைத்து, நிறுவனத்துக்கும் இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன். அட்டைகள் கையெழுத்தாகித் திரும்பி வந்தன. சில நாட்களில் படிவம் 12 போய்ச் சேர்ந்துவிட்டது. அதுவரை காணாமல் போயிருந்த விபத்துப் புத்தகமும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது.

இடையில் பெயர் சிக்கல் ஒன்று. ஆதாரில் அப்பா பெயர் முழுமையாகவும் இஎஸ்ஐ பதிவில் இனிஷியல் மட்டுமாகவும் இருந்ததால் வங்கிக் கணக்கை இணைக்க முடியவில்லை. திருத்தம் முதலாளியின் வழியாக வர வேண்டும் என்றார்கள். ஆக, மறுபடியும் அதே குமாஸ்தாவின் மேசை முன்னால் போய் நிற்க வேண்டியதாயிற்று. அடிபடும் முன்பே, இன்றைக்கே, இரண்டிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துவிடுங்கள்.

மருத்துவச் சான்றிதழ்களில் இடைவெளி விடாதீர்கள். இஎஸ்ஐ மருந்தகத்தில் முதல் சான்றிதழிலிருந்து வேலைக்குத் திரும்பலாம் என்று தரும் கடைசிச் சான்றிதழ் வரை தேதிகள் சங்கிலிபோலக் கோத்து வர வேண்டும். சான்று இல்லாத நாளுக்குப் பணம் இல்லை. ஒவ்வொரு சான்றிதழிலும் வேலைக் காயம் என்று குறித்திருக்கிறதா என்று அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். எனக்கு ஒன்றில் அது விடுபட்டிருந்தது. சொன்னதும் மருத்துவர் திருத்திக் கொடுத்தார்.

நிரந்தர இழப்பு எவ்வளவு என்று மதிப்பிடும் மருத்துவக் குழுவின் பரிசோதனை எளிதாகவே முடிந்தது. ஆள்காட்டி விரலில் ஒரு கணு இழப்புக்குச் சட்டத்தின் அட்டவணையில் 9 விழுக்காடு என்று இருக்கிறது, அதையே எழுதினார்கள். நாள் ஊதியம் 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தற்காலிகத் தொகை நாளுக்கு 540 ரூபாய். அதில் 9 விழுக்காடு, அதாவது நாளுக்கு 48 ரூபாய் 60 காசு, நிரந்தரத் தொகையாக ஆயுள் முழுவதும் வரும். பெரிய பணம் இல்லைதான். ஆனால், பைக் செயின் என்று எழுதியிருந்தால் அதில் ஒரு காசுகூடக் கிடைத்திருக்காது. குழு குறைத்து மதிப்பிட்டதாக நினைப்பவர்கள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். எங்கள் பகுதியில் பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆய்வாளர் வந்துபோன பிறகு சேஃப்டி பார் சுவிட்ச் புதிதாக மாற்றப்பட்டது. நான் வேலைக்குத் திரும்பிய பிறகு, பக்கத்து மில்லில் ஒரு தம்பிக்கு முழங்கையில் ஷீட் பட்டுச் சுட்டுவிட்டது. அதை அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் விபத்துப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டுதான் நாங்கள் வெளியே வந்தோம்.