சொந்தம் என்ற சொல்

இறுதிச் சடங்குகளை நடத்தித் தரும் நிறுவனம் ஒன்றில் ஆவணப் பிரிவு என்னுடையது. பெட்டி, வண்டி, பூ எல்லாம் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். என் மேசைக்குக் கையெழுத்துகள் மட்டும் வரும்.

சேர்ந்த இரண்டாம் மாதமே ஒரு தப்பு செய்தேன். இறந்தவரின் மூத்த மகன் வந்தார். கையில் அப்பா எழுதிக்கொடுத்த பவர் பத்திரம். முத்திரை, சாட்சிக் கையெழுத்து எல்லாம் பக்காவாக இருந்தன. “எல்லாத்துக்கும் எனக்குத்தான் அதிகாரம்” என்றார். தகன ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் அவருடைய தங்கை வந்தார், அப்பாவின் உயில் நகலோடு. அதில் நிறைவேற்றுநர், அதாவது உயிலின்படி காரியங்களை நடத்த நியமிக்கப்பட்டவர், அந்தத் தங்கைதான். அடக்கம்தான் செய்ய வேண்டும் என்றார். நல்லவேளை, தகனம் மறுநாள்தான்.

பவர் கொடுத்தவரின் மூச்சு நின்றால் அந்தப் பவரும் அதோடு சரி. இது அடிப்படைப் பாடம். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். உயிலில் நிறைவேற்றுநராகப் பெயர் உள்ளவருக்கு இறந்த கணத்திலிருந்தே அதிகாரம் உண்டு. புரோபேட் அந்த அதிகாரத்தை நீதிமன்றம் உறுதி செய்து தரும் தாள், அவ்வளவுதான். அது கைக்கு வரும்வரை உடல் காத்திருக்காது. உயில் இல்லையென்றால் சொத்தை நிர்வகிக்க உரிமையுள்ள வாரிசுகளைத் தேடிப் போக வேண்டும். மூத்தவர் என்பதால் மட்டும் யாருக்கும் முன்னுரிமை கிடையாது.

மறுநாள் காலை இருவரையும் உட்காரவைத்துப் பேசினோம். அண்ணன் என்னைப் பார்த்து, “அப்போ எங்கப்பா யாருக்குத்தான் சொந்தம்?” என்று கேட்டார். தமிழில் உறவுக்கும் உடைமைக்கும் அந்த ஒரே சொல்தான். அவர் எதைக் கேட்டார் என்று இன்றுவரை யோசிக்கிறேன். உடைமையைக் கேட்டிருந்தால் பதில் ‘யாருக்கும் இல்லை’ என்பதுதான். தீர்ப்புகளின் வழியாக வளர்ந்த ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் இறந்த உடல் யாருடைய சொத்தும் அல்ல. முறைப்படி அடக்கமோ தகனமோ செய்து முடிக்கும்வரை அதை வைத்திருக்கும் உரிமையும் கடமையும்தான் நிறைவேற்றுநருக்கு.

இதற்கு எல்லோரும் காட்டுவது இங்கிலாந்தின் 1882 வில்லியம்ஸ் வழக்கை. ஒருவர் தன் உடலை எரிக்கச் சொல்லித் தோழியிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு இறந்தார். குடும்பம் புதைத்துவிட்டது. அந்தப் பெண் வேறு காரணம் சொல்லி அனுமதி வாங்கி, உடலைத் தோண்டியெடுத்து, இத்தாலிக்குக் கொண்டுபோய் எரித்தார். அப்புறம் செலவைக் கேட்டு வழக்குப் போட்டார். தோற்றார். தன் உடலை இன்னது செய் என்று உயிலில் எழுதினால் அது வேண்டுகோள்தான், கட்டளை ஆகாது என்றது நீதிமன்றம். சில இடங்களில் பிறகு தனிச் சட்டம் போட்டு இதை மாற்றியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெண்மீது கொஞ்சம் மரியாதை உண்டு. சட்டப்படி தப்புத்தான், இருந்தாலும்.

வேண்டுகோளோ கட்டளையோ, பல உயில்களைக் காரியம் முடிந்த பிறகுதான் பிரிக்கிறார்கள். வருகிறவர்களிடம் அதனால் முதலில் கேட்பது, “உயில் எங்கே இருக்கிறது?”

பணம் பற்றி யாரும் கேட்பதில்லை. நான்தான் சொல்ல வேண்டும். நியாயமான இறுதிச் செலவு இறந்தவரின் சொத்திலிருந்து, சாதாரணக் கடன்களுக்கு முன்னால் போகும். ஆனால் எங்கள் ஒப்பந்தத்தில் தன் பெயரில் கையெழுத்திட்டவர்தான் எங்களுக்குப் பணம் தர வேண்டியவர். சொத்தில் ஒன்றும் மிஞ்சாவிட்டால் அவருடைய கைப்பணம்தான் போகும்.

அன்று அதைச் சொன்னதும் தங்கை தயங்காமல் கையெழுத்துப் போட்டார். அண்ணன் பேனாவை வாங்கி அதன் கீழேயே தன் பெயரையும் எழுதினார். “ரெண்டு பேர் போட்டா முழுத் தொகையையும் யார்கிட்ட வேணும்னாலும் கேப்போம்” என்றேன்.

“கேளுங்க” என்றார்.

முதல் நாள் அவர் போட்ட தகனப் படிவத்தை அவர் கண்முன்னாலேயே கிழித்தேன்.