ஸ்மட்ஜ் சிக்னேச்சர்: இழுப்பதற்கு முன்பே முடிந்துவிடும் வேலை

420-க்கு 150 பிக்சல். ஓர் உருவம், ஒரு பெயர், கொஞ்சம் வெளிச்சம் எல்லாம் அடங்க வேண்டிய இடம் அவ்வளவுதான். இணைய மன்றங்களில் பதிவுக்கு அடியில் பெயரோடு வைக்கும் சிறிய படம்தான் சிக்னேச்சர். அதில் ஸ்மட்ஜ் பாணிப் படங்கள் பார்வைக்கு அவசரமாக விரலால் தேய்த்தது போலிருக்கும். அதனாலேயே புதிதாக வருபவர்கள் முதலில் கைவைப்பது படத்திருத்த மென்பொருளான போட்டோஷாப்பின் ஸ்மட்ஜ் (நிறத்தைத் தேய்த்து இழுக்கும்) கருவியில்தான். சாம்பல் வெறுமையான பின்னணியைத் திறந்து, பெரிய பிரஷ்ஷை எடுத்து இழு இழு என்று இழுப்பார்கள். அரை மணி நேரம் கழித்தும் அது சாம்பலாகவே இருக்கும்.

காரணம் எளிது. ஸ்மட்ஜ் எந்த நிறத்தையும் உண்டாக்குவதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறது. இழுக்க ஏதாவது இருந்தால்தான் இழுபடும். ஆகவே இந்த வேலையில் பாதி நேரம் பின்னணியில் சரக்கு சேர்ப்பதற்கே போக வேண்டும். வெட்டியெடுத்த உருவத்தை (இந்த வேலை தெரிந்தவர்கள் ரெண்டர் என்பார்கள்) நகலெடுத்து 200 சதவீதம் பெரிதாக்கித் தலைகீழாகப் புரட்டி அடியில் போடுவது ஒரு வழி. உருவத்தின் நிறங்களே பின்னணிக்கும் வந்துவிடுவதால் இரண்டும் ஒட்டாமல் போகாது. புகை, துணி மடிப்பு, சினிமா 4டி என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்த முறுக்கல் வடிவங்கள் ஆகியவற்றில் ஒன்றிரண்டை மேலே லைட்டன் அல்லது ஸ்க்ரீன் முறையில் (வெளிச்சமான பகுதி மட்டும் தெரியும்படி கலக்கும் முறைகள்) வைக்கலாம். கருமையும் வெளிச்சமும் அடுத்தடுத்து இருக்கும் இடம்தான் நல்ல கீற்றைத் தரும். ஒரே அடர்த்தியுள்ள பரப்பு, அது எவ்வளவு அழகான நிறமாக இருந்தாலும், ஒன்றும் தராது.

கருவியின் உள்வேலை தெரிந்தால் பாதி குழப்பம் தீரும். பிரஷ்ஷை ஊன்றியதும் அடியிலிருக்கும் நிறத்தை அது கையில் எடுத்துக்கொள்கிறது. இழுப்பு என்பது பிரஷ் முனை அடுத்தடுத்துப் பதிக்கும் தடங்களின் வரிசை. பிறகு வரும் ஒவ்வொரு பதிவிலும் கையிலுள்ள நிறத்தையும் தாளிலுள்ள நிறத்தையும் கலந்து வைக்கிறது. அந்தக் கலவையே அடுத்த பதிவுக்குக் கையிருப்பு. ஸ்ட்ரெங்த் (இழுப்பின் வலிமை, சதவீதத்தில்) 90 என்றால் ஒவ்வொரு பதிவிலும் பழைய நிறத்தில் பத்தில் ஒரு பங்கு குறையும். பத்துப் பதிவுக்குப் பின் ஏறக்குறைய 35 சதவீதம் மிஞ்சும், இருபதுக்குப் பின் 12. ஸ்ட்ரெங்த் 70 என்றால் பத்தாவது பதிவிலேயே 3 சதவீதத்துக்கு வந்துவிடும். 100 வைத்தால் எடுத்த நிறம் குறையவே குறையாது. அது தேய்ப்பதில்லை, முத்திரை குத்திக்கொண்டே போவது.

இங்கேதான் பலர் கவனிக்காத ஸ்பேசிங், அதாவது பதிவுகளுக்கிடையிலான தூரம், வருகிறது. 60 பிக்சல் பிரஷ்ஷில் ஸ்பேசிங் 25 சதவீதம் என்றால் பதிவுக்குப் பதிவு 15 பிக்சல் இடைவெளி. பத்துப் பதிவு 150 பிக்சல் தூரம். அதையே 5 சதவீதமாக்கினால் பத்துப் பதிவும் 30 பிக்சலுக்குள் முடிந்துவிடும். ஒரே ஸ்ட்ரெங்த்தில் ஒருவருக்குக் கீற்று நீளமாக ஓடுவதும் மற்றவருக்கு முளையிலேயே செத்துப்போவதும் இதனால்தான். வேறு இடத்தில் பார்த்த எண்களை அப்படியே போட்டு 'எனக்கு வரவில்லை' என்பவர்கள் முதலில் ஸ்பேசிங்கைப் பார்க்க வேண்டும். ஸ்பேசிங்கை மிகக் குறைத்தால் கணினியும் திணறும். முந்தைய பதிவு முடிந்தால்தான் அடுத்ததைக் கணக்கிட முடியும் என்பதால் அதற்குக் குறுக்குவழி இல்லை.

பிரஷ் வழவழப்பான வட்டமாக இருக்கக் கூடாது. அது இழுத்தால் பிசைந்த மெழுகு போலத்தான் வரும். போட்டோஷாப்பின் பழைய பிரஷ் தொகுப்பிலுள்ள ஸ்பேட்டர் 27, 39, 46, 59, அல்லது சாக் 60 போதும். ஓட்டைகளும் பிசிறுகளும் உள்ள முனையானதால் ஒரு இழுப்பில் பல மெல்லிய கீற்றுகள் பிரியும். எஃப்5 அழுத்திப் பிரஷ் பலகத்தில் ஷேப் டைனமிக்ஸில் ஆங்கிள் ஜிட்டர் (முனையின் கோணம் மாறும் அளவு) 20 முதல் 40 வரை, ஸ்கேட்டரிங் (பதிவுகள் சிதறும் அளவு) 30 முதல் 60 வரை வைத்துத் தொடங்கலாம். ஸ்கேட்டரிங் 100-ஐத் தாண்டும்போது திசை கெட்டு வெறும் தூவலாகிவிடும். ஸ்மட்ஜ் கருவி கையிலிருக்கும்போது எண் விசை 9 அழுத்தினால் ஸ்ட்ரெங்த் 90, 8 அழுத்தினால் 80, சுழி அழுத்தினால் 100. சதுர அடைப்பு விசைகள் அளவை மாற்றும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் இதே கருவிக்கு எஸ் விசை. ஸ்ட்ரெங்த் அங்கே ரேட் என்ற பெயரில் இருக்கும்.

படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தாள்களான லேயர்களில் இரண்டு பொறிகள் உண்டு. ரெண்டரை ஒரு நகல் எடுத்து, கீழ் நகலை மட்டும் இழுப்பது பாதுகாப்பு. மேலே உள்ளது சுத்தமாக இருக்கும், தேவையான ஓரங்களை மாஸ்க்கில் (அழிக்காமல் மறைக்கும் திரை) மறைத்துக்கொள்ளலாம். கீழ் நகலில் உருவத்தைச் சுற்றி இருப்பது வெற்றிடம். வெளியிலிருந்து உள்ளே இழுத்தால் அந்த வெற்றிடமும் உள்ளே வந்து உருவத்தைக் கரையான் அரித்தது போலாக்கும். உருவத்துக்குள் ஊன்றி வெளியே இழுக்க வேண்டும். இரண்டாவது பொறி, வெற்று லேயரில் சாம்பிள் ஆல் லேயர்ஸ் (எல்லா லேயரிலிருந்தும் நிறம் எடுக்கும் தேர்வு) போட்டு இழுப்பது. எதுவும் கெடாது, பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம், நல்ல வழிதான். ஆனால் மேலே கலர் பேலன்ஸ், கிரேடியன்ட் மேப் போன்ற, நிறத்தை மாற்றும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்கள் இருந்தால் அவை மாற்றிய நிறத்தை எடுத்துக் கீழே பூசும். அதன்மேல் அதே மாற்றம் இரண்டாம் தடவை விழும். இழுத்த இடம் மட்டும் ஏன் இவ்வளவு சிவந்திருக்கிறது என்று தேடுவதற்குப் பதில், ஸ்மட்ஜ் முடியும்வரை நிறத் திருத்த லேயர்களை அணைத்து வைக்கலாம்.

இனி இழுப்பு. உருவத்தில் ஏற்கெனவே ஒரு திசை இருக்கும்: நீட்டிய கை, பறக்கும் முடி, வாளின் சாய்வு. கீற்றுகள் அதை ஒட்டியோ அதற்கு நேரெதிரே பின்னோக்கியோ போகலாம். மூன்று திசையில் போனால் படம் நிலைகொள்ளாது. தொலைவுக்கு 60 முதல் 80 பிக்சல் பிரஷ், ஸ்ட்ரெங்த் 80. உருவத்தை ஒட்டிய பகுதிக்கு 30 முதல் 40, ஸ்ட்ரெங்த் 90. தோள், முடி, ஆடை விளிம்பு ஆகிய இடங்களில் 10 முதல் 15, ஸ்ட்ரெங்த் 95. குட்டை இழுப்புகளாக, ஒவ்வொன்றுக்கும் பிரஷ்ஷைத் தூக்கி மறுபடி ஊன்றி. தூக்காமல் சுழற்றிக்கொண்டே இருந்தால் கையிருப்பு நிறம் சராசரியாகிச் சேறாகும். முகத்தைத் தொடவே வேண்டாம். தொட்டால் பார்வை தங்க வேறு இடமே இல்லை.

சேறு என்றது உவமைக்காக மட்டும் இல்லை. ஆரஞ்சும் நீலமும் பக்கத்தில் இருக்கும்போது கண்ணைப் பறிக்கும், அவற்றைச் சரிபாதி கலந்தால் வருவது சாம்பல். போட்டோஷாப்பின் இயல்பான அமைப்பில் முழுச் சிவப்பையும் முழுப் பச்சையையும் கலந்தால் மஞ்சள் வராது, 128, 128, 0 என்ற மங்கிய பாசி நிறம்தான் வரும். எதிர்நிறங்களை வெவ்வேறு லேயரில் தனித்தனியே இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இரண்டும் பளிச்சென்றே இருக்கும். ஸ்மட்ஜில் தேர்ந்தவர்களின் படங்கள் சேறாகாததற்குப் பெரும்பாலும் இந்தப் பிரிப்பே காரணம். கைவித்தை அதற்கு அப்புறம்தான்.

வெளிச்சத்துக்கு ஸ்க்ரீன் முறையில் கறுப்பு நிரப்பிய ஒரு லேயர். அதில் முகத்துக்கு வெளிச்சம் வரும் பக்கம் 150 பிக்சல் மென்பிரஷ்ஷால் ஒரே ஒரு சொடுக்கு. வெண்மை அதிகமாகத் தெரிந்தால் ஒபாசிட்டியை (லேயர் தெரியும் அளவு) 40-க்கு இறக்கலாம். ஒளி வலதில் இருக்க, ரெண்டரின் நிழலும் வலதிலேயே விழுந்தால் என்ன செய்தும் பொய்யாகவே தெரியும்; ரெண்டரைப் புரட்டுவதுதான் தீர்வு. ஆழத்துக்கு, தூரத்துக் கீற்றுகளில் 1 முதல் 2 பிக்சல் காசியன் பிளர் (மங்கலாக்கும் வடிகட்டி) போதும். இழுத்து மழுங்கிய பரப்பில் படிப்படியாகப் பட்டை தெரிந்தால் ஒரு சதவீத ஒற்றைநிற நாய்ஸ் (நுண்புள்ளித் தூவல்) அதை உடைக்கும்.

வேலை முழுவதும் 100 சதவீத அளவிலேயே பார்த்துச் செய்ய வேண்டும். 300-ல் அழகாகத் தெரியும் பிசிறு உண்மை அளவில் அழுக்குப் புள்ளி. இரு மடங்கு அளவில் செய்து சுருக்குவதும் உதவாது, ஸ்பேட்டரின் கரடுமுரடு முழுக்க வழவழப்பாகிவிடும். அடர்திரைகளுக்கென்றே இரு மடங்கு கேட்டால் பிரஷ் அளவுகளையும் இரட்டித்துத் தொடக்கத்திலிருந்து செய்ய வேண்டியதுதான்.

கடைசியில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட்டுடன் ஈ அழுத்தி எல்லாவற்றையும் ஒரு லேயராக மேலே வார்த்து, விளிம்பைக் கூர்மையாக்கும் அன்ஷார்ப் மாஸ்க்கை 0.3 முதல் 0.5 ரேடியஸில் கொடுத்து, மாஸ்க்கில் முகமும் அருகிலுள்ள கீற்றுகளும் தவிர மற்றதை மறைக்கலாம். சேமிக்கும்போது ஜிஃப் வேண்டாம், 256 நிறத்தில் கீற்றுகள் திட்டுத்திட்டாகும். 420-க்கு 150 படம் சுருக்காமலேயே 185 கிலோபைட்தான் என்பதால் பிஎன்ஜி-24 பெரும்பாலும் மன்றங்கள் வைக்கும் கோப்பளவு எல்லைக்குள் அடங்கும். ஜேபெக்கில் தரம் குறைத்தால் முதலில் பாழாவது சிவப்பு விளிம்புகள்.

எழுத்துக்கு 12 முதல் 14 பிக்சல் போதும், முகத்துக்கு அருகில், படத்திலிருந்தே எடுத்த நிறத்தில். ஆனால் அதை ஸ்மட்ஜ் முடிந்தபின் மட்டுமே போட வேண்டும், அல்லது இழுக்கும்போது எழுத்து லேயரை மறைக்கும் கண் குறியை அணைத்துவிட வேண்டும். சாம்பிள் ஆல் லேயர்ஸ் எழுத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். சிக்னேச்சர் கேட்டவர் மூன்று நாள் கழித்து 'பெயரை மட்டும் மாற்றித் தாருங்கள்' என்று வரும்போது, எழுத்து லேயரை அழித்தாலும் பழைய பெயரின் கால் எழுத்து கீற்றுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும்.