இரண்டே வாக்கியங்களில் இந்தோனேசியாவின் விடுதலை

1945 ஆகஸ்ட் 15 அன்று, இந்தோனேசியாவைக் கைப்பற்றி வைத்திருந்த ஜப்பான் சரணடைந்ததும், அதற்கு முன் அந்நாட்டை ஆண்ட டச்சுக்காரர்கள் திரும்பி வருவதற்குள் விடுதலையை அறிவித்துவிட வேண்டும் என்று துடித்த இளைஞர்கள், தயங்கிய விடுதலை இயக்கத் தலைவர்கள் சுகர்ணோவையும் ஹத்தாவையும் மறுநாள் விடியற்காலையில் ரெங்காஸ்டெங்லோக் என்னும் சிற்றூருக்கே கொண்டுபோய்விட்டார்கள். அன்றிரவு ஜகார்த்தாவில், ஜப்பானியக் கடற்படை அதிகாரி மாயேடாவின் வீட்டில் எழுதப்பட்ட பிரகடனத்தில் இருந்தவை இரண்டே வாக்கியங்கள். 17ஆம் தேதி காலையில் சுகர்ணோ அதைத் தம் வீட்டு வாசலில் வாசிக்க, அவருடைய மனைவி ஃபத்மாவதி தைத்த சிவப்பு வெள்ளைக் கொடி ஏற்றப்பட்டது. அந்தக் கொடியை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு நெகிழ்கிறது.

நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீடித்த போருக்கும் பேச்சுவார்த்தைக்கும் பிறகே, 1949 டிசம்பர் 27 அன்று, நெதர்லாந்து ஆட்சியுரிமையைக் கையளித்தது. ஆனால் அந்த விடுதலை 1945 ஆகஸ்ட் 17 அன்றே நடைமுறையில் தொடங்கிவிட்டது என்று டச்சு அரசு ஒப்புக்கொள்ள 2005 வரை ஆயிற்று என்பது எனக்கு இன்றும் வேதனையளிக்கிறது.